பெண் வீட்டுக்கு எடுத்த படம்

அன்புள்ள அப்பு,

போன வாரம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். தை பிறந்ததும் கப்பலில் சேரச் சொல்லித் தகவல் வந்துவிட்டது என்று சொல்லி முடித்திருந்தாய். உன் அப்பா பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார். பவித்ரா உனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது நீ என்னைப் பார்த்து, "ஏம்மா, அடுத்த தடவையும் யாராச்சும் வந்து கேட்டா என் படத்தக் குடுப்பியா?" என்றாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஆனால் தீக்காயத் தழும்புள்ள இடது கையை இலைக்கு மேலே வராமல் மடியிலேயே வைத்திருந்தாய். நான் மோர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். மோர் மேசைமேலேயே இருந்ததை நீயும் பார்த்தாய், பவித்ராவும் பார்த்தாள்.

அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். அடுத்தவர்களிடம் கேள்வி கேட்டே பழகியவளுக்குப் பதில் சொல்வது அவ்வளவு எளிதாக வரவில்லை. இதை ஏன் உன் கையில் கொடுக்காமல் பத்திரிகைக்கு அனுப்புகிறாய் என்று நீ கேட்கலாம். உன் படம் ஊருக்கெல்லாம் போயிற்று. பதில் மட்டும் ஒட்டிய உறைக்குள் போவது சரியில்லை என்று பட்டது. எழுதி முடித்தபின் பவித்ராவுக்கும் உன் அப்பாவுக்கும் படித்துக் காட்டிவிட்டு இதை இங்கே சேர்க்கிறேன். பவித்ரா ஒன்றும் மாற்றச் சொல்லவில்லை. உன் அப்பா ஓரிடத்தில் பூவின் பெயரைத் திருத்தினார்.

என் வேலையில் ஒரு பகுதி உனக்குச் சரியாகத் தெரியாது. திண்டுக்கல்லில் முப்பது வருஷத்துக்கும் மேலாக நிருபராக இருந்தேன். கலெக்டர் அலுவலகம், அரசு ஆஸ்பத்திரி, கோர்ட், மார்க்கெட் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஆனால் ஒரு வேலை மட்டும் எப்போதும் என் தலையில்தான் விழும். விபத்திலோ வெள்ளத்திலோ யாராவது இறந்துபோனால், அந்த வீட்டுக்குப் போய் அவர்களுடைய படத்தை வாங்கி வர வேண்டும். ஆண் நிருபர்கள் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கும். நான் பெண் என்பதால் அடுப்படி வரை விடுவார்கள். அழுகிற தாயின் பக்கத்தில் தரையில் உட்காருவேன். அவசரப்பட மாட்டேன். கடைசியில், "நல்ல படமாக் குடுங்கம்மா, நாளைக்கு ஊரே பாக்கும்" என்பேன். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். சிலர் என்னைத் திட்டி வெளியே அனுப்பியிருக்கிறார்கள். ரெட்டியார்சத்திரம் பக்கம் ஓர் அம்மா, "உன் பிள்ளைக்கு இப்படி ஆனா நீ எடுத்து நீட்டுவியாடி?" என்று கேட்டார். அப்போது நீ என் இடுப்பில் இருக்கும் வயது. அந்தக் கேள்வியை நான் கோபத்தில் சொன்ன வார்த்தை என்றே எடுத்துக்கொண்டேன். வாங்கிய படம் எதையும் திருப்பிக் கொடுக்காமல் இருந்ததில்லை. என்னிடம் இருந்த ஒழுங்கு அவ்வளவுதான்.

இந்த வருஷம் நன்றாகத்தான் தொடங்கியது. போன தையில் நீ பரீட்சை பாஸாகி நான்காம் என்ஜினியர் ஆனாய். உன் அப்பா பூ மார்க்கெட்டில் தன் கமிஷன் கடைக்கு வந்த எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். கப்பலின் அடித்தளத்தில் இயந்திரத்தைப் பார்க்கிற வேலை என்று சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால், "கப்பல் ஓட்டுறான்" என்று சொல்லிவைத்தார். ஆயக்குடியிலிருந்து வந்த ஒரு வியாபாரி, "ஏனுங்க, தண்ணியில ரோடு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டபோது, "அதெல்லாம் படிச்சவனுக்குத் தெரியும்யா" என்று சமாளித்தார். அந்த வாரமே உன்னைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெண் வீட்டுக்குக் கொடுப்பதற்காக இரண்டு படங்கள் எடுத்தோம். ஒன்று வெள்ளைச் சட்டையில், ஒன்று நீலச் சட்டையில். வெள்ளைச் சட்டையில் நீ விறைப்பாக இருந்தாய். நீலச் சட்டையில் ஸ்டூடியோக்காரர் ஏதோ சொன்னதற்குச் சிரிப்பை அடக்கியபடி இருந்தாய். அவர் என்ன சொன்னார் என்று நீ இன்றுவரை சொல்லவில்லை.

சின்னாளப்பட்டியிலிருந்து சம்பந்தம் வந்தது. சேலைக் கடை வைத்திருப்பவர்கள். இரண்டு படங்களையும் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துப் பவித்ராவின் அம்மா போனில், "வெள்ளச் சட்டையத் திருப்பி அனுப்பிருவோம் மதினி, நீலத்த எம்மக எங்க வச்சிருக்கானே தெரியல" என்று சிரித்தார். பங்குனியில் நிச்சயம் ஆயிற்று. சித்திரையில் நீ கப்பலேறினாய். ஆவணியில் கல்யாணம் என்று மண்டபத்துக்குச் சொல்லி வைத்தோம். வருஷத்தின் நல்ல பக்கம் இது.

வைகாசியில் ஒரு காலை நான் கலெக்டர் அலுவலகத்தில் இருந்தபோது, சென்னையில் உள்ள உங்கள் கப்பல் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உங்கள் கப்பலின் இயந்திர அறையில் தீ. பெரும்பாலானவர்கள் உயிர்காக்கும் படகில் இறங்கிவிட்டார்கள். சிலரைப் பற்றித் தகவல் இல்லை. உன் பெயர் அந்தச் சிலரில் இருந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் எனக்கு அந்தக் குரல் தெரியும். ஓர் அதிகாரி ஒன்றுமே தெரியாமல் பேசுவது எப்படி இருக்கும், தெரிந்துகொண்டே சொல்லாமல் பேசுவது எப்படி இருக்கும் என்பதைக் கேட்டுக் கேட்டே பிழைத்தவள் நான். அவர் குரலில் இரண்டும் மாறி மாறி வந்தன. நான் வழக்கம்போல், "உறுதியான தகவலா?" என்று கேட்டேன். அவர், "அம்மா, நீங்க அவரோட அம்மாதானே?" என்றார்.

அதற்குப் பிந்தைய நாட்களை நீ அந்தப் பக்கத்திலிருந்து அறிவாய். இந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். உன் அப்பா மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஏலம் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்து, போனுக்கு எதிரே உட்காருவார். அது அடித்தால் நான்தான் எடுக்க வேண்டும். நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் கால்களையே பார்ப்பார். பிறகு ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "நிக்க முடியாத செய்தின்னா மொதல்ல கால்லதான தெரியும்" என்றார். நான் எனக்குத் தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டேன். டெல்லியில் இருக்கிற பழைய சகா, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எம்.பி.யின் உதவியாளர். எல்லோரும் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். நானே அடுத்தவர்களுக்கு எத்தனையோ முறை சொன்ன வார்த்தை அது.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, அன்வர் வந்தான். உனக்கு அவனைத் தெரியும். பேகம்பூர்க்காரன். என்னிடம்தான் வேலை பழகினான், இப்போது வேறு பத்திரிகையில் இருக்கிறான். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவன். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். துக்க வீட்டுக்கு முன்னால் வண்டிச் சத்தம் கேட்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அவன் நடந்து வந்ததைப் பார்த்த உடனேயே எதற்கு வந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது.

உள்ளே வந்து உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "அக்கா, எனக்கு வர இஷ்டமில்ல. ஆபீஸ் டெஸ்க்ல போட்டு நச்சுறாங்க. நீங்க திட்டுனாலும் சரி, அப்படியே போயிருவேன்" என்றான்.

"செய்தி என்னன்னு போடப்போற?"

"தமிழ்நாட்டுக்காரங்க ரெண்டு பேரக் காணோம், தேடிக்கிட்டிருக்காங்க. அம்புட்டுதான்க்கா. வேற ஒரு வார்த்தை கூடப் போட மாட்டேன்."

"இன்னொருத்தர் யாரு?"

"தூத்துக்குடிப் பக்கம் ஒரு பையன். அவங்க வீட்ல படம் தரமாட்டேன்னுட்டாங்க. ஃபேஸ்புக்ல இருந்து எடுத்திருக்காங்க, சரியாவே இல்ல."

நான் எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். திருப்பி அனுப்பிய வெள்ளைச் சட்டைப் படம் இருந்தது. நீலச் சட்டையிலும் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் ஜன்னலுக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாவட்டப் பக்கம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். வெள்ளைச் சட்டை பின்னணியோடு கலந்து, தலை மட்டும் தனியாக மிதப்பதுபோல் ஆகிவிடும். நீலம் கறுப்பாக விழும், முகம் எடுப்பாக நிற்கும். இதை நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. கை தானாகச் செய்தது. நீலச் சட்டையை மேசைமேல் வைத்தேன். அன்வர் போனில் படமெடுக்கக் குனிந்தபோது அவன் நிழல் அதன்மேல் விழுந்தது. நிழல் விழாமல் இருக்க, அதை ஒரு சாண் ஜன்னல் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

நிமிர்ந்தபோது உன் அப்பா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அன்வர் போன பிறகு கேட்டார்.

"ஜன்னல்ல வச்சு என்னத்தப் பாத்த?"

"எது நல்லா விழும்னு பாத்தேன்."

"எது நல்லா விழும்னு பாத்தியா?" என்று அதையே ஒரு முறை திருப்பிச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தில் வந்த கோபம்தான், ஆனால் அப்போது அது நியாயம்போல் இருந்தது. "உங்க கடைக்கு எழவு வீட்டுக்காரன் வந்தா மால குடுக்காமயா அனுப்புறீங்க? அதுக்கும் நல்ல மாலையாப் பாத்துதான குடுக்குறீங்க?" என்றேன்.

"குடுக்கேன். ஊர்ல எல்லாருக்கும் குடுக்கேன். எம்மகனுக்கு நான் கட்டல" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். படத்தைப் பற்றி அதன்பின் பல மாதங்கள் அவர் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.

மறுநாள் படம் வந்தது. நீ நன்றாக விழுந்திருந்தாய். உன் பக்கத்தில் தூத்துக்குடிப் பையன், ஏதோ கூட்டத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டியது, கண்களின் மேல் நிழல், யாருடைய தோளோ ஓரத்தில். சாயங்காலம் சின்னாளப்பட்டியிலிருந்து பவித்ராவின் தாய்மாமன் அந்தப் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வந்தார். "சம்பந்தியம்மா, தம்பி நல்லபடியா வரணும்னுதான் நாங்களும் சாமியக் கும்புடுறோம். ஆனா நிச்சயத்துக்குக் குடுத்த படத்த இப்படிப் போடலாமா? எங்க ஊர்ல பாத்த சனமெல்லாம் வீட்டு வாசல்ல வந்து நிக்குது. எம்மருமகள இப்பவே ஒரு மாதிரியாப் பாக்குறாங்க" என்றார். உன் அப்பாதான், "தப்புதான் மச்சான், பொறுத்துக்கங்க" என்றார். எனக்காக மன்னிப்புக் கேட்டாரே தவிர, என் பக்கம் திரும்பவில்லை. கல்யாணம் நிற்குமா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமன் கிளம்பும்போது பேப்பரை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அவர் பஸ் ஏறுவதற்குள் பவித்ரா போன் செய்தாள். நிச்சயத்துக்குப் பிறகு அவள் என்னோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. மாமா ஏதாவது தப்பாகப் பேசிவிட்டாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு, "அத்தை, எனக்குன்னு குடுத்த படம் அது. அத ஊருக்கே குடுத்துட்டீங்களே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பெண் மெதுவாகச் சொன்ன அந்த ஒரு வரி போல் எதுவும் என்னை நிறுத்தி வைத்ததில்லை.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிட வேண்டும், அப்பு. அந்தப் படத்தால் உன்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. படம் வந்ததால் அதிகாரிகள் ஓடினார்கள், எங்கிருந்தோ ஒருவர் பார்த்து அடையாளம் சொன்னார் என்று என்னிடம் சிலர் ஆறுதலாகச் சொன்னார்கள். அது உண்மையில்லை. நான் விசாரித்துவிட்டேன். புகையில் மயங்கிக் கிடந்த உன்னை உன் கூட வேலை பார்த்தவர்கள் தூக்கிப் படகில் போட்டார்கள். படகுகள் பிரிந்துபோயின. உன் படகை வேறொரு கப்பல் எடுத்தது. உன் பெயரை யாரோ தப்பாக எழுதிக்கொண்டதால் ஏஜென்சிக்குத் தெரிய நாளாயிற்று. படம் வராவிட்டாலும் நீ அதே நாளில்தான் போன் செய்திருப்பாய். "அம்மா, நான்தான்" என்று நீ சொன்னபோது, "யாரு?" என்று கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? உன் குரல் தெரியாமல் இல்லை. இன்னொரு முறை நீ சொல்ல வேண்டும் என்றுதான்.

ஆனியில் கைக்கட்டோடு மதுரையில் வந்து இறங்கினாய். ஆவணியில் தள்ளிப்போடாமல் கல்யாணம் நடந்தது. பவித்ராதான் தள்ளிப்போடக் கூடாது என்றாள். உன் அப்பா உங்கள் இருவரின் மாலையையும் யாரையும் கட்டவிடாமல், சம்பங்கியும் மரிக்கொழுந்தும் வைத்துத் தானே கட்டினார். புரட்டாசியில் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். பாராட்டிப் பேசியவர்களில் ஒருவர், எந்த வீட்டுக்குப் போனாலும் படம் இல்லாமல் திரும்பமாட்டார் என்று என்னைப் புகழ்ந்தார். அன்வர் தலையைக் குனிந்துகொண்டான். ஐப்பசியில் தலைதீபாவளிக்கு நீங்கள் சின்னாளப்பட்டிக்குப் போனீர்கள். வெளியே இருந்து பார்த்தால் நல்ல வருஷமாகத்தான் முடிந்திருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் எல்லோரும் ஏதோ ஒன்றைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தோம். கூடத்தின் நடுவில் ஏதோ ஒரு சாமான் கிடப்பதுபோலவும், யாரும் அதைத் தொட விரும்பாததுபோலவும்.

நீங்கள் தீபாவளிக்குப் போயிருந்தபோது நடந்தது இது. உன் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சில்லறைக்கு வாங்குபவர்களுக்குப் பழைய பேப்பரில் பூவைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது உனக்குத் தெரியும். பழைய பேப்பர் கடையிலிருந்து கட்டுக் கட்டாக வரும். "உன் செய்தி காலையில நம்ம வீட்டுக்கு, மாசம் கழிச்சு நம்ம கடைக்கு" என்று முன்பெல்லாம் கேலி செய்வார். அன்று நான் போனபோது அவர் புதிதாக வந்த ஒரு கட்டைப் பிரித்து, தாள் தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைப் பையன்கள் காத்திருந்தார்கள். ஒரு தாளை உருவித் தனியாக வைத்தார். மீதியைக் கொடுத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் படம் வந்த தாள் எதுவும் பூவைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போகக் கூடாது என்று, வைகாசியிலிருந்து ஒவ்வொரு கட்டையும் அவர் இப்படிப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உருவிய தாள்களையெல்லாம் ஏலப் பலகைக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்திருந்தார். நான் பார்த்ததை அவர் பார்த்தார். "வெஞ்சனம் என்ன?" என்று கேட்டார். கத்தரிக்காய் என்றேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கொடுக்க மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்து கொடுப்பது எனக்கு எளிது. பல நாள் அதைத்தான் எழுத நினைத்தேன். தூத்துக்குடிப் பையனின் அம்மாவிடம் பேசியிருக்காவிட்டால் எழுதியும் இருப்பேன். அந்தப் பையன் திரும்பி வரவில்லை. அவன் எந்தப் படகிலும் ஏறவே இல்லை என்று நீதான் சொன்னாய். கார்த்திகையில் அந்த அம்மாவின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். நிருபர் என்று சொல்லவில்லை, உன் அம்மா என்று மட்டும் சொன்னேன். நீ எப்படி இருக்கிறாய், கை ஆறிவிட்டதா என்று விசாரித்தார். பிறகு தானாகவே, "அன்னைக்குப் பேப்பர்ல உங்க மகன் நல்லா இருந்தாரும்மா. எம்பிள்ளைதான் யாரோ மாதிரி இருந்தான். வீட்டுக்கு வந்து கேட்டப்ப நான்தான் கதவச் சாத்திட்டேன். குடுத்திருக்கலாம். அவன் அப்படி இருக்க மாட்டான்மா, நல்லாச் சிரிப்பான்" என்றார். உன் படத்தைப் பார்த்துத் தன் மகனைக் கற்பனை செய்துகொண்டதாகவும் சொன்னார்.

ஆகவே என் பதில் இது: கொடுப்பேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளின் படத்தைக் கேட்டு வாங்கிய நான், என் பிள்ளையின் படத்தை மட்டும் பூட்டி வைத்தால், அந்த வீடுகளில் எல்லாம் நான் சொன்னது பொய் என்றாகிவிடும். அது பொய்யில்லை. ஒருவன் முகம் ஊருக்குத் தெரிய வேண்டிய நாளில் அது அவன் முகமாகவே தெரிய வேண்டும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உன் அப்பா பார்த்ததும் பொய்யில்லை. ஜன்னலில் அந்தப் படங்களைப் பிடித்தபோது நான் உன்னைப் பார்க்கவில்லை, அச்சில் வரப்போகும் படத்தைப் பார்த்தேன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் இனி இருக்க வேண்டும். இதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்டிருக்கிறாய். அடுத்த தடவை என்று ஒன்று வந்தால், அது வரவே வேண்டாம், யாரும் என்னைத் தேடி வர மாட்டார்கள். கல்யாணமானவனின் படத்தைக் கேட்டு மனைவியிடம்தான் போவார்கள். நானும் அப்படித்தான் போயிருக்கிறேன். நீ கேட்ட மறுநாள், மிச்சமிருந்த இரண்டு படங்களையும் பவித்ராவின் கையில் கொடுத்தேன். "கேட்டு வந்தா என்ன செய்வ?" என்றேன்.

"குடுக்க மாட்டேன் அத்தை" என்றாள்.

"கதவச் சாத்திருவியா?"

"சாத்த மாட்டேன். உள்ள கூப்ட்டு உக்கார வச்சு, அவரு வந்ததும் நீங்களே நேர்ல எடுத்துக்கங்கன்னு சொல்வேன். வந்தவுக டீ குடிச்சிட்டுப் போகட்டும்."

நான் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அப்படி ஒரு பதிலை யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருப்பேனா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு என்னால் சொல்ல முடிந்த புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: கப்பலிலிருந்து பேசும்போது அவளிடம் எதையும் மறைக்காதே. இயந்திரம் சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். ஏஜென்சிக்காரர் குரலை வைத்து ஊகிக்க வேண்டிய நிலைமைக்கு அவளை விட்டுவிடாதே. கிளம்பும் முன் ஒரு நாள் தூத்துக்குடிக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வா. கையை மறைக்காமல் போ. அவர் அதைப் பார்க்க வேண்டும்.

இன்று காலை உன் அப்பாவின் கடைக்குப் போனேன். ஏலம் முடிந்து, செண்டுப் பூவும் கோழிக்கொண்டைப் பூவும் மிதிபட்டுக் கிடந்தன. நீ கேட்டதையும் நான் எழுதியிருப்பதையும் சொன்னேன். அவர் பலகைக்குக் கீழிருந்து அந்தச் சாக்கை இழுத்தார். மேலே இருந்த தாளை விரித்து, வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். இத்தனை மாதத்தில் அந்தப் படத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. அதில் மன்னிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டு உறுதிசெய்துகொள்ளவும் இல்லை. "இத என்னதான் செய்யப்போறீங்க?" என்றேன்.

"எரிக்கவா முடியும்? பக்கத்துல அந்தப் பய மொகமும்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, தாளைப் பழையபடி மடித்துச் சாக்கில் வைத்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன், அவர் கயிற்றைக் கட்டினார். இருவருமாகப் பலகைக்கு அடியில் தள்ளினோம். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தவர், உன்னிடம் சொல்லச் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அது அங்கனயே கெடக்கட்டும். என்ன செய்யிறதுன்னு அவனே வந்து சொல்லட்டும்."

வந்து சொல்.

உன் அம்மா